ப்ராஸ்டேட் மாத்திரை: நிறுத்தலாமா, தொடரலாமா?

(நமது சங்கத்தின் திருப்பதிக் கிளையில் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்று கருதி வெளியிடுகிறோம்.)

"அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேசணும் மாமா" என்று காரியதரிசி சொன்னபோது, ராமாயணத்தில் ஏதாவது ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். "அதற்கெல்லாம் ஆள் இருக்கு. நீங்கள் உங்கள் ப்ராஸ்டேட் அனுபவத்தைச் சொல்லுங்கோ. கேட்க நாற்பது பேர் இருக்கா, கேட்கத்தான் வெட்கம்" என்றார். நான் டாக்டர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவன். பன்னிரண்டு வருஷமாக இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவன். நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தவன். அந்த மூன்று தகுதிகளோடுதான் பேசுகிறேன்.

எனக்கு 63 வயதில் ஆரம்பித்தது. ராத்திரி ஒரு தடவை எழுந்தது இரண்டாயிற்று, பிறகு நாலாயிற்று. போய் நின்றால் உடனே வராது. வந்தாலும் நூல் போல வரும். முடிந்துவிட்டது என்று திரும்பினால் இன்னும் பாக்கி இருக்கும். சப்தகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது ஜன்னல் ஓர சீட்டை விட்டுக் கழிவறைக்குப் பக்கத்து சீட்டாகத் தேட ஆரம்பித்தேன். மலைக்குப் போனால் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் உட்கார்ந்ததும் முதலில் என் கண் தேடுவது பெருமாள் படத்தை அல்ல, பாத்ரூம் போர்டை.

இதைவிட மனசை வருத்தியது வேறு ஒன்று. சிராத்தத்துக்குப் பிராம்மணார்த்தம் உட்காரக் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். நடுவில் எழுந்திருக்க முடியாது. பஞ்சகச்சத்தில் ஒரு சொட்டு பட்டால் மடி போயிற்று. இப்படி எத்தனையோ பேர் வெளியில் போவதையே குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் கேட்டால் "வயசாச்சு, அலைய முடியலை" என்பார்கள். காரணம் வயசு இல்லை, இதுதான்.

என் அகத்துக்காரிதான் விடவில்லை. "ஏன்னா, ராத்திரி முழுக்க லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கறேளே, டாக்டர்கிட்ட போனா என்ன?" என்று மூன்று மாதம் கேட்டு, நாலாவது மாதம் தானே ஆட்டோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இங்கே வந்திருக்கும் மாமிகளுக்குச் சொல்கிறேன்: இந்த வியாதியில் முதலில் கண்டுபிடிப்பது நீங்கள்தான். ராத்திரி எத்தனை தடவை என்ற கணக்கு அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். ப்ராஸ்டேட் என்பது மூத்திரப்பையின் வாயில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி மோதிரம் போல இருக்கும் சுரப்பி. வாலிபத்தில் சுமார் 20 கிராம் இருக்கும். ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கு அது வளர ஆரம்பித்திருக்கும். எண்பதைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு வளர்ந்திருக்கும். இது புற்றுநோய் அல்ல, தலை நரைப்பது போல ஒரு மாற்றம். ஆனால் இரண்டும் ஒரே சுரப்பியில் ஒரே சமயத்தில் இருக்கலாம். அதனால்தான் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும், பின்வழியாக விரலால் தடவிப் பார்ப்பதும். இரண்டாவதற்கு வெட்கப்பட்டு ஓடிவந்தவர்களை எனக்குத் தெரியும். அரை நிமிஷக் காரியம்.

இன்னொரு விஷயம். சுரப்பி பெரிதாக இருந்தால் தொந்தரவு அதிகம் என்று கணக்கு இல்லை. 30 கிராம்காரர் தவிப்பார், 80 கிராம்காரர் நிம்மதியாகத் தூங்குவார். அதனால் ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து வைத்தியம் செய்வதில்லை. ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் தருகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-க்கு மேல் கடுமை. வாழ்நாள் முழுக்கப் பேப்பர் திருத்திய எனக்கு 22 மார்க் கிடைத்தது. குறைவாக வாங்கினால்தான் பாஸ் என்ற பரீட்சையை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

இரண்டு மருந்துகள் கொடுத்தார். இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் தவறு செய்கிறோம்.

முதல் வகை, இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சிலோடோசின் என்று பெயர்கள். சுரப்பியிலும் மூத்திரப்பையின் வாயிலும் உள்ள தசை இறுகியிருப்பதை இவை தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே குணம் தெரியும். ஆனால் சுரப்பி ஒரு கிராம் கூடக் குறையாது.

இரண்டாவது வகை, சுரப்பியைச் சுருக்கும் மருந்து: ஃபினாஸ்டிரைடு, டூடாஸ்டிரைடு. இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்தில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறினார்கள். 1974-இல் விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தபோது, டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான இன்னொரு ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதி அவர்கள் உடம்பில் குறைவு என்று தெரிந்தது. வளர்ந்த பிறகும் அவர்களுக்கு ப்ராஸ்டேட் மிகச் சிறிதாகவே இருந்தது. அப்படியானால் அந்த நொதியை மருந்தால் தடுத்தால் சுரப்பி சுருங்குமே என்று யோசித்தார்கள். 1992-இல் ஃபினாஸ்டிரைடு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வகை மருந்து வேலை செய்ய ஆறு மாதம் ஆகும். சுரப்பி நன்றாகப் பெருத்தவர்களுக்குத்தான் இதனால் பலன். எல்லோருக்கும் இது தேவைப்படாது.

இவற்றை வருஷக்கணக்கில் சாப்பிடுவதால் லாபம் உண்டா? 2003-இல் அமெரிக்காவில் 3,047 பேரைச் சராசரியாக நாலரை வருஷம் கவனித்த ஆராய்ச்சி வெளிவந்தது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் நாலு வருஷத்தில் 17 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது. தளர்த்தும் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 10, சுருக்கும் மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 10, இரண்டும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 5. ஆனால் மூத்திரம் அடியோடு அடைத்துக்கொள்வதையும் ஆபரேஷனையும் நீண்டகால நோக்கில் குறைத்தது சுருக்கும் மருந்துதான். தளர்த்தும் மருந்து மட்டும் அதைச் செய்யவில்லை. அது இன்றைய சௌக்கியத்துக்கு, இது நாளைய பாதுகாப்புக்கு.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். ஆறே மாதத்தில் 22 மார்க் 8 ஆயிற்று. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தேன். பிராம்மணார்த்தம் உட்கார்ந்தேன். மூன்றாவது வருஷம், 2015 மார்கழியில், "குணமாகிவிட்டதே, இனி எதற்கு? பி.பி. மாத்திரை, சுகர் மாத்திரை என்று ஏற்கெனவே வயிறெல்லாம் மாத்திரை" என்று நானே நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லவில்லை. அகத்திலும் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, தேவையே இல்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் மலைக்குப் போனோம். மார்கழிக் குளிர், மூக்கடைப்பு. மருந்துக் கடையில் ஜலதோஷ மாத்திரை வாங்கி மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று போட்டுக்கொண்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தால், ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு பானை போல வீங்கிவிட்டது. அந்த வலியை நான் வர்ணிக்கப் போவதில்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவே வேண்டாம். காட்டேஜிலிருந்து என்னைத் தாங்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ட்யூப் வைத்ததும் ஒரு லிட்டருக்கு மேல் வெளியேறியது. ரத்தத்தில் கிரியேட்டினின் 2.1. அதாவது பின்னுக்குத் தள்ளப்பட்ட நீர் கிட்னியையும் அழுத்த ஆரம்பித்திருந்தது.

கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இதைவிட வெட்கக்கேடு வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் என்ற மருந்து இருக்கும். மூக்கின் ரத்தக் குழாயைச் சுருக்குவதுதான் அதன் வேலை. ஆனால் மூத்திரப்பையின் வாயில் டாம்சுலோசின் எந்தப் பூட்டைத் திறந்து வைக்கிறதோ, அதே பூட்டை இது பூட்டுகிறது. கூடவே இருக்கும் குளோர்ஃபெனிரமின் மூத்திரப்பை சுருங்கி வெளியே தள்ளும் சக்தியைக் குறைக்கிறது. நான் திறக்கும் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு, பூட்டும் சாவியை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். அட்டையில் பெயர்கள் அச்சிட்டிருந்தன. நான் படிக்கவில்லை.

சில நாள் ட்யூபோடு இருந்தேன். மறுபடி மருந்து ஆரம்பித்து, ட்யூபை எடுத்தபோது தானாகப் போயிற்று. கிரியேட்டினின் 1.3-க்கு இறங்கியது. எனக்கு அதிர்ஷ்டம். எல்லோருக்கும் இறங்கும் என்று சொல்ல முடியாது.

இது ஒரு பக்கத்துத் தப்பு. மறுபக்கத்துத் தப்பைச் செய்தவர் சித்தூரில் இருக்கும் என் ஷட்டகர். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவர் மாத்திரையை ஒரு நாள் கூட விடவில்லை. எட்டு வருஷம் அதே சீட்டைக் கடையில் காட்டி அதே மாத்திரையை வாங்கினார். டாக்டரிடம் மட்டும் போகவில்லை. தானாகவே லேபில் பி.எஸ்.ஏ. பார்த்து, "2.8 தான், நார்மல்" என்று சந்தோஷப்பட்டார். டூடாஸ்டிரைடோ ஃபினாஸ்டிரைடோ ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. சுமார் பாதியாகக் குறைந்துவிடும். வரும் எண்ணை இரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும். அதாவது 2.8 என்றால் 5.6. மருந்தில் குறைந்த பிறகு அது மெல்ல ஏறினாலே எச்சரிக்கை. லேப்காரருக்கு இவர் சாப்பிடும் மாத்திரை தெரியாது. ரிப்போர்ட்டில் நார்மல் என்றே அச்சாகும். வேறு காரியமாக வேலூர் சி.எம்.சி.க்குப் போனபோது அங்கே ஒரு டாக்டர் மாத்திரைப் பட்டியலைப் பார்த்துச் சந்தேகப்பட்டு பயாப்ஸி எடுத்தார். புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருந்தது. சிகிச்சை முடிந்து சௌக்கியமாக இருக்கிறார். இந்தக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறார்.

ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். தானாக நிறுத்தவும் கூடாது, கேட்காமல் தொடரவும் கூடாது. டாக்டரிடம் கேட்டால் சில சமயம் அவரே குறைப்பார். இரண்டையும் ஆறு மாதம் சாப்பிட்ட பிறகு டாம்சுலோசினை நிறுத்திப் பார்த்த ஆராய்ச்சி ஒன்றும் 2003-இல் வந்தது. நடுத்தரத் தொந்தரவு உள்ளவர்களில் பெரும்பாலோர் சமாளித்தார்கள். கடுமையாக இருந்தவர்களில் பலருக்குத் தொந்தரவு திரும்பியது. நீங்கள் எந்த ரகம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் வாழ்க்கைமுறைக்கு வேண்டிய சில குறிப்புகள்.

தளர்த்தும் மருந்து ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும். உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். நாம் அபிவாதயே சொல்லி நமஸ்காரம் பண்ணுகிறவர்கள். விழுந்து எழும்போது கையை ஊன்றி, ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். ராத்திரி எழும்போதும் அப்படியே. எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் ப்ராஸ்டேட்டைவிடப் பெரிய கஷ்டம். டாம்சுலோசினைத் தினம் ஒரே வேளை சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். கேப்ஸ்யூலைப் பிரிக்கவோ மெல்லவோ வேண்டாம். சில நாள் விட்டுப்போனால், மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

காடராக்ட் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கண் டாக்டரிடம் "நான் டாம்சுலோசின் சாப்பிடுகிறேன்" அல்லது "முன்பு சாப்பிட்டேன்" என்று அவசியம் சொல்ல வேண்டும். இந்த மருந்தால் ஆபரேஷன் சமயத்தில் கண்ணின் கருவிழித்திரை தொய்ந்துபோகும் என்று 2005-இல் கண்டறிந்தார்கள். நிறுத்திவிட்டுப் போனால் போதும் என்று நினைக்காதீர்கள், நிறுத்தினாலும் தொய்வு வரலாம். முன்கூட்டித் தெரிந்தால் டாக்டர் அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார். இங்கே அரவிந்தில் சேருகிறவர்களும் சரி, சென்னையிலோ பம்பாயிலோ செய்துகொள்கிறவர்களும் சரி, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

டூடாஸ்டிரைடு, ஃபினாஸ்டிரைடு விஷயத்தில் ஒன்று. வீட்டில் மாட்டுப்பெண்ணோ பெண்ணோ சீமந்தத்துக்கு வந்திருந்தால், உடைந்த மாத்திரையையோ கசிந்த கேப்ஸ்யூலையோ அவர்கள் கையால் தொடக் கூடாது. கருவில் ஆண் குழந்தை இருந்தால் பாதிப்பு வரக்கூடும். மாத்திரை டப்பாவை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். இந்த மருந்துகளால் சிலருக்குத் தாம்பத்திய விஷயத்தில் நாட்டம் குறையலாம், மார்பில் வலியோ வீக்கமோ வரலாம். வெட்கப்பட்டு மௌனமாக நிறுத்துவதைவிட டாக்டரிடம் சொல்வது மேல். மாற்று வழி இருக்கிறது.

தண்ணீரைக் குறைப்பது வைத்தியம் அல்ல. பகலில் நன்றாகக் குடியுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி டிபனுக்குப் பின் டிகாக்ஷன் காபி வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு வலிக்கிறது, ஆனாலும் வேண்டாம். ராத்திரி அடிக்கடி போவதற்கு ப்ராஸ்டேட் மட்டுமே காரணம் அல்ல. சர்க்கரை, கால் வீக்கம், சாயங்காலம் சாப்பிடும் நீர் மாத்திரை, குறட்டையோடு மூச்சு நிற்பது எல்லாம் காரணமாகலாம்.

மூலிகை பற்றிக் கேட்பீர்கள். வெளிநாட்டில் பிரபலமான சா பால்மெட்டோ என்ற மூலிகையை 225 பேருக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரையைவிட மேலான பலன் இல்லை என்று 2006-இல் முடிவு வெளியாயிற்று. நம் வைத்தியரிடம் கஷாயம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள். இரண்டு பேரிடமும் இரண்டையும் மறைக்காதீர்கள்.

மருந்தே போதாத நிலையும் உண்டு. திரும்பத் திரும்ப அடைப்பு, கிட்னி பாதிப்பு, பையில் கல், ஓயாத ரத்தக் கசிவு, அடிக்கடி கிருமித் தொற்று. அப்போது உள்வழியாகச் செய்யும் ஆபரேஷனை ஒத்திப்போடக் கூடாது. நம் ஊருக்கு வசதி குறைவு என்ற சாக்கும் கிடையாது. 1993-இல் தொடங்கிய ஸ்விம்ஸில் யூராலஜி பிரிவு இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் ஒரு மணி நேரம். விலை கஷ்டம் என்றால், பிராண்ட் பெயர் இல்லாத அதே மருந்து ஜன் ஔஷதி கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதா என்று டாக்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 2024 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் சார்லஸ் தமக்கு ப்ராஸ்டேட் வீக்கம், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று உலகத்துக்கே அறிவித்தார். அவர் வயதில் இருந்த எத்தனையோ ஆண்கள் அந்த வாரமே இதைப் பற்றித் தேடிப் படித்தார்களாம். ராஜாவுக்கே வெட்கம் இல்லாதபோது நமக்கு என்ன?

என் சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். நான் சாப்பிடும் மருந்துகளின் பெயர், ஆரம்பித்த தேதி, கடைசி பி.எஸ்.ஏ., கடைசி கிரியேட்டினின், அடுத்து டாக்டரைப் பார்க்க வேண்டிய மாதம். அதன் கீழே சிவப்பு மசியில், "ஜலதோஷ மாத்திரை கேட்காமல் கூடாது" என்று என் அகத்துக்காரி தன் கையால் எழுதியிருக்கிறாள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் படித்த பாடம் முழுவதும் அந்த அட்டையில் இருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒன்று எழுதிக்கொண்டால், நான் பேசியதற்குப் பலன் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வேன்.

கேள்வி கேட்க நினைப்பவர்கள் சபையிலேயே கேட்கலாம். கூச்சமாக இருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள். நான் இப்போதெல்லாம் கதவுப் பக்கம்தான் உட்கார வேண்டும் என்று பார்ப்பதில்லை.